மேல் ஆள்

மாடிப்படியில் சுமை இறங்கும்போது பேசுவதற்கு ஒரு வாய்தான் உண்டு. அது மேல் ஆளின் வாய்.

பீரோவோ கட்டிலோ இரும்புப் பெட்டியோ, எதுவானாலும் கீழே நிற்பவன் கண்ணைச் சுமை மறைத்துவிடும். அவனுக்குப் படி தெரியாது, திருப்பம் தெரியாது, எவனாவது வாளித் தண்ணீரைச் சிந்திவிட்டுப் போயிருந்தால் அதுவும் தெரியாது. முதுகில் பாரம், காதில் மேல் ஆளின் சத்தம், அவ்வளவுதான் அவனுக்கு உலகம். "படி" என்றால் கால் இறங்கும். "திருப்பம்" என்றால் இடுப்பு திரும்பும். "வை" என்றால்தான் சுமை தரையைத் தொடும். பக்கத்தில் பிடிப்பவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. வீட்டுக்காரர் கத்துவார், அவர் பெண்டாட்டி கண்ணாடி கண்ணாடி என்று பின்னாலேயே வருவாள். அதெல்லாம் காதில் விழவே கூடாது.

கீழ் ஆளுக்கு முடியவில்லை என்றால் அதை அவன் வாயால் சொல்ல மாட்டான். விரல் முட்டியால் சுமையின் அடிப்பலகையில் டொக் டொக் என்று தட்டுவான். வைக்க வேண்டும் என்று அர்த்தம். இடம் இருந்தால் மேல் ஆள் "வை" என்பான். இல்லாவிட்டால் "இன்னும் கொஞ்சம்" என்பான். மேல் ஆள் சொல்லாதவரை கீழ் ஆள் வைக்க மாட்டான். முதுகு முறிந்தாலும் மாட்டான். அவன் பாட்டுக்கு வைத்தான் என்றால் மேலே பிடித்திருப்பவன், பக்கத்தில் இருப்பவன், சுமை எல்லாம் சேர்ந்து அவன் தலையில்தான் வந்து விழும்.

நாங்கள் நாலு பேர். வீடு மாற்றுகிறவர்களுக்கும் கடை மாற்றுகிறவர்களுக்கும் சாமான் தூக்கிப் பிழைத்தோம். கீழ் ஆள் தூண். ஆள் உயரம் இல்லை, அகலம். நின்றால் சுவரில் சாய்ந்திருக்கிறானா, சுவர் அவன்மேல் சாய்ந்திருக்கிறதா என்று தெரியாது. ஒரு பக்கம் பிடிப்பவன் கோழி. கழுத்து நீளம், தண்ணீர் குடித்தால் ஒவ்வொரு மடக்குக்கும் வானத்தைப் பார்ப்பான். மறு பக்கம் சீப்பு. சட்டைப்பையில் எப்போதும் சீப்பு வைத்திருப்பான். தலையில் முடி போன பிறகும் பையில் சீப்பு போகவில்லை. மேல் ஆள் நான். எனக்கு அவர்கள் வைத்த பெயர் சந்தேகம். கயிற்றை எவன் கட்டினாலும் அவிழ்த்து நானே ஒரு தடவை கட்டுவேன். சந்தேகப்படுகிறவன்தான் மேலே நிற்க வேண்டும். எல்லாம் சரியாய் இருக்கும் என்று நம்புகிறவனை மேலே நிறுத்தினால் கீழே இருப்பவன் செத்தான்.

கோழி போய்விட்டான். சீப்பும் போய்விட்டான். மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கொடுத்து வைத்த சாவு என்றார்கள். என்னைப் பார்த்தும் அப்படித்தான் சொல்கிறார்கள், இந்த வயதிலும் ஒருத்தர் கையைப் பிடிக்காமல் நடக்கிறாரே, கொடுத்து வைத்தவர் என்று. யார் கொடுத்தது, எதை வைத்தது? சாவு வீட்டுக்குப் போய்ப் போய் என் செருப்புக்கே வழி தெரியும். மிச்சம் இருந்தது தூண் ஒருத்தன். அவனும் பக்கவாதம் வந்து படுத்துவிட்டான்.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில் ஒரு காலை தூணின் மகள் என் அறைக்கு வந்தாள். குடைக்கம்பி ஒன்று உடைந்து தொங்கியது. ஒரு பக்கத் தோள் முழுக்க நனைந்திருந்தது. உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"பெரியப்பா, ஒரு தடவை வீட்டுக்கு வந்துட்டுப் போங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்னத்தக் கேக்கப் போற? இங்கயே கேளு."

"வாசல்ல நின்னு கேக்கற விஷயம் இல்ல பெரியப்பா. இன்னைக்கே வாங்க. நாளைக்கின்னா கேட்டுப் பிரயோஜனம் இல்ல."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை. வயதானவனிடம் ஒன்று கேட்கணும் என்று வந்தால் ஒன்று கையெழுத்து, இல்லாவிட்டால் பழி. எனக்குக் கையெழுத்துப் போட வராது. அப்படியென்றால் பழிதான்.

தூணுக்கு இரண்டாம் தடவை வாதம் வந்து பேச்சு நின்ற பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. சாகக் கிடக்கிறவனைப் போய்ப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவனுக்கும் உபயோகம் கிடையாது, எனக்கும் கிடையாது. இது தவிர மகள்மேலும் எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. அவள் பள்ளிக்கூடப் பை தைக்கிறவள். மொத்தக் கடைக்காரன் வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாய்க் கொடுத்துவிடுவான், இவள் ஜிப் வைத்து, வார் வைத்துத் தைத்துக் கொடுப்பாள். வீட்டில் இருப்பதே இரண்டு அறை. முன்னறையில் பையும் துணியும் அடுக்கி மனிதன் கால் வைக்க இடம் கிடையாது. உள்ளறையில் கிழவன். அந்த அறை காலியானால் அவளுக்கு வசதிதான். புருஷன் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவன், ஓயாமல் பேசுகிறவன். பேசுகிறவனை நான் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை. பெரியவங்களைக் கேட்டுத்தான் செய்தோம் என்று நாளைக்கு ஊருக்குச் சொல்ல அவர்களுக்கு ஒரு பெரியவன் வேண்டும். நான்தான் மிச்சம் இருக்கிறேன்.

ஆனாலும் போனேன்.

அவர்கள் வீடு உச்சி மாடி. கீழே வெங்காய மண்டி. ஈரச் சாக்கு நாற்றம் முதல் திருப்பம்வரை கூடவே வரும். படி குறுகல். கைப்பிடி மரம். நடுவில் படி திரும்புகிற இடத்தில் சமமாய் ஒரு தட்டு, அதில் ஒரு ஜன்னல். தூண் குடிவந்தபோது அவன் கட்டிலை நாங்கள்தான் ஏற்றினோம். ஊரார் சாமானுக்குக் கூலி, நம் சாமானுக்கு டீயா என்று சீப்பு கேட்டான். தட்டில் வைத்துவிட்டு ஜன்னல் வழியாக ஆளுக்கொரு பீடி குடித்தோம். இப்போது அதே தட்டில் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றேன். கையில் குடை தவிரச் சுமை ஒன்றும் இல்லை.

முன்னறையில் தையல் மெஷின் இல்லை. சரிதான், உள்ளறைக்குள்ளேயே வந்துவிட்டார்களா என்று நினைத்தேன். வந்துதான் இருந்தது. கட்டிலை ஒட்டிப் போட்டிருந்தாள், தைக்கும்போது தலையைத் தூக்கினால் அப்பன் முகம் தெரிகிற மாதிரி. கட்டிலிலும் பைகள் கிடந்தன. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் தையல் பிசகிய பைகளுக்குள் துண்டுத்துணியை அடைத்து, அவன் முதுகுக்கு ஒன்று, முட்டிக்கு அடியில் ஒன்று, குதிகால் படுக்கையில் படாமல் இருக்க ஒன்று என்று அண்டக் கொடுத்திருந்தாள். ஒரு பையில் முயல் படம் போட்டிருந்தது.

தூண் பாதியாகிவிட்டான். மூக்கில் ஒரு குழாய். அதன் வழியாகத்தான் பாலும் வடிகட்டிய பருப்புத் தண்ணீரும். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. என்னைப் பார்த்தான். கண் மட்டும் பழைய கண்.

"டேய்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவன் இடது கை மெதுவாக நகர்ந்தது. கட்டில் சட்டத்தில் விரல் முட்டியால் தட்டினான். டொக் டொக். கொஞ்சம் விட்டு மறுபடியும். முட்டியில் தோல் உரிந்து, அதன்மேல் அவள் துணி சுற்றியிருந்தாள். துணியோடு தட்டினான்.

"இதான் பெரியப்பா" என்றாள் மகள். "பகல் முழுக்க இப்படித்தான் தட்றார். எதாவது கேட்டா, ஆமான்னா கண்ண மூடித் தொறப்பார். தண்ணியான்னு கேட்டேன், இல்ல. வலிக்குதான்னு கேட்டேன், இல்ல. திருப்பிப் போடணுமா, லைட்ட அணைக்கணுமா, எல்லாம் கேட்டுட்டேன். எதுக்கும் கண்ண மூடல. நீங்கதான் இத்தன வருஷம் கூட இருந்தீங்க. உங்களுக்கு எதாவது புரியுதா?"

புரிந்தது. முதல் தட்டிலேயே புரிந்துவிட்டது. தூக்கத்தில் தட்டினாலும் எனக்குப் புரியும்.

"கைப் பழக்கம்மா" என்றேன். "வேற ஒண்ணும் இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டாராம். மூக்குக் குழாய் புண்ணாக்குகிறது, வயிற்றில் துளை போட்டு அங்கே குழாய் வைக்கலாம், வைத்தால் இருப்பார், ஆனால் எழுந்திருக்க மாட்டார், பேச மாட்டார். வேண்டாம் என்றால் கஷ்டம் தெரியாமல் இருக்க மருந்து தருகிறோம், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள், கொஞ்ச நாள்தான். யோசித்துச் சொல்லுங்கள் என்றாராம். நாளைக்குக் காலையில் வண்டி வரும். ஏற்றுவதா, திருப்பி அனுப்புவதா என்று இன்றைக்குள் முடிவு செய்ய வேண்டும். புருஷன் ஏற்று என்கிறார். அவளுக்கு எதுவும் ஓடவில்லை.

பேசுகிறவன்தான் கிழவனைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று நான் நினைத்திருந்தேன். அவன்தான் இழுத்துப் பிடிக்கிறானாம்.

அந்த நேரத்துக்கு அவனே வந்தான். சட்டை முழுக்க மழை. கடைசிக் கேனை ஹோட்டலில் போட்டுவிட்டு ஓடிவந்ததாகவும், திருப்பிப் போடுகிற நேரம் தவறினால் முதுகுப் புண் பெரிதாகும் என்றும் சொல்லிக்கொண்டே கை காலைத் துடைத்துக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்து, "வாங்க மாமா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றான். குத்தல்தான். வாங்கிக்கொண்டேன்.

இரண்டு பேரும் தூணைத் திருப்ப ஆரம்பித்தார்கள். அவள் தோள் பக்கம், இவன் இடுப்புப் பக்கம். நான் பிடிச்சுட்டேன், நீ விடு, காலு காலு, குழாயப் பாரு, மெதுவா, இந்தப் பக்கம் இல்ல. இரண்டு வாயும் சேர்ந்து பேசியது. தூண் நடுவில் மூட்டை மாதிரி அசைந்தான். அந்தச் சத்தத்தில் அவன் கண் அங்குமிங்கும் ஓடியது. யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் ஓடியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றேன்.

மூடினார்கள். நான் கட்டில் தலைமாட்டுக்குப் போய் நின்றேன். "பிடி" என்றேன். பிடித்தார்கள். "தூக்கு. திருப்பம்." அவ்வளவுதான் சொன்னேன். செத்துக் கிடந்த அந்த உடம்பு திருப்பம் என்ற சத்தத்துக்கு இடுப்பைத் திருப்பப் பார்த்தது. மருமகன் கையில் அது பட்டிருக்க வேண்டும், நிமிர்ந்து என்னைப் பார்த்தான். முதுகில் புண் உள்ளங்கை அகலம் இருந்தது. அவள் அதைத் துடைத்து, மருந்து வைத்து, முயல் பையை அண்டக் கொடுத்தாள். ஒரு முகச்சுளிப்பு இல்லை.

எல்லாம் முடிந்ததும் தூண் கண்ணை மேலே தூக்கி, தலைமாட்டில் நின்ற என்னைத் தேடினான். தட்டினான். டொக் டொக்.

என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது. "இன்னும் கொஞ்சம்."

கை நின்றது.

ஆணி அடித்த மாதிரி நின்றது. விரல்கள் மெதுவாகச் சட்டத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டன. பல்லைக் கடிக்கிறவன் மாதிரி தாடை இறுகியது. எனக்குத் தெரிந்த முகம். சுமைக்கு அடியில் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"நிறுத்திட்டார்" என்றாள் மகள். "இத்தன நாள்ல யார் சொல்லியும் நிறுத்தினதில்ல. அவர்கிட்ட என்ன சொன்னீங்க பெரியப்பா?"

நான் குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

எதிர்ப்பக்கம் டீக்கடையில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தேன். மழை தகரத்தில் கொட்டிய கொட்டில் ஒருவரும் என்னிடம் பேச்சுக் கொடுக்க முடியவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

ஒரு அடகுக்கடை இரும்புப் பெட்டி. அதைத்தான் நினைத்தேன். சுழல் படி, அகலம் கம்மி. பாதி வழியில் கயிறு அறுந்தது. நான் கட்டிய கயிறுதான், நன்றாய்த்தான் இருந்தது, பெட்டியின் விளிம்பு அதை அறுத்துவிட்டது. மொத்தப் பாரமும் தூண் முதுகில் இறங்கியது. கோழி பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். அந்தப் படியில் பெட்டியை வைத்தால் அது சரியும், சரிந்தால் கோழியின் நெஞ்சு அப்பளம். தூண் தட்டினான். நான் "இன்னும் கொஞ்சம்" என்றேன். ஒரு படி இறங்கினான். தட்டினான். "இன்னும் கொஞ்சம்." சீப்பு அழுதுகொண்டிருந்தான், ஆனால் சத்தம் வரவில்லை, படியில் ஒரு வாய்தான் என்பது அவனுக்கும் தெரியும். தூணின் காலடியில் படி ஈரமானது, வியர்வை என்று நினைத்தேன், வியர்வை இல்லை. அப்படியே தட்டுவரை கொண்டுவந்தான். "வை" என்றேன். வைத்தான். உட்கார்ந்தான். "எவன்கிட்டடா பீடி இருக்கு?" என்று கேட்டான். அன்றைக்கு இறங்கிய வலது தோள் பிறகு ஏறவே இல்லை.

ஏண்டா நான் சொல்கிறவரை தாங்கினாய், முன்னாலேயே ஏன் வைக்கவில்லை என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். "நீ சொல்லலியே" என்றான். அதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்கிற மாதிரி சொன்னான்.

கோழி அதற்குப் பிறகு பேரன் பேத்தி எடுத்தான். குடித்தால், இந்த மூச்சு தூண் முதுகிலிருந்து வாங்கிய மூச்சு என்பான். கடைசியில் அந்த மூச்சுதான் நெஞ்சுச் சளியில் மாட்டி அவனைக் கொன்றது. அந்தக் காலத்தில் கலவரம் என்று ஊரே அடைத்துக் கிடந்த ஒரு வருஷம், வேலை ஒன்றும் இல்லை, தூணின் பெண்டாட்டி ஒரு ரொட்டியை நாலு வீட்டுக்கும் பங்கு வைப்பாள். கத்தியால் அறுத்தால் தூள் வீணாகும் என்று தையல் நூலை இழுத்துப் பிடித்து அறுப்பாள். கீழ் ஆளுக்குத்தான் ஓரத்துண்டு, அது கொஞ்சம் கனம். அவன் அதை வாங்கிக் கைக்குழந்தையாய் இருந்த மகள் வாயில் வைப்பான். அவளும் போய்விட்டாள், அந்தப் பெண்டாட்டி. இதையெல்லாம் பார்த்தவர்கள் என்று இரண்டே பேர்தான் மிச்சம், அவனும் நானும். அவனும் போய்விட்டால் நான் சொல்வது நிஜமா பொய்யா என்று கேட்கக்கூட ஆள் இல்லை. என்னைச் சந்தேகம் என்று கூப்பிட ஒரு நாக்கு இல்லை. அந்த நாக்குதான் முன்பே விழுந்துவிட்டதே என்றால், ஆமாம், விழுந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பெயர் அவன் தலைக்குள் இருக்கிறது இல்லையா? அதற்காகத்தான் கைப் பழக்கம் என்று சொன்னேன். அவனுக்காக இல்லை. எனக்கு ஒருத்தன் வேண்டும் என்பதற்காக.

அன்றைக்குக் கீழே கோழி இருந்தான், அதனால் வைக்க இடம் இல்லை. இன்றைக்கு அவன் எதைத் தாங்கிக்கொண்டு கிடக்கிறான்? யார் நசுங்கிவிடுவார்கள் என்று? யோசித்துப் பார்த்தால் இன்றைக்குக் கீழே மாட்டியிருப்பது நான் ஒருத்தன்தான்.

டீ ஆறிப்போயிருந்தது. குடிக்கவில்லை. மறுபடியும் படி ஏறினேன்.

மகள் மெஷினில் உட்கார்ந்திருந்தாள், தைக்கவில்லை. மருமகன் தரையில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். உள்ளே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கீழ் ஆள் தட்டினால் என்ன அர்த்தம், மேல் ஆள் சொல்லாவிட்டால் என்ன ஆகும், நான் என்ன சொன்னேன், கை ஏன் நின்றது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மருமகன்தான் எழுந்தான்.

"மொதல்ல கைப் பழக்கம்னீங்க. இப்ப வந்து வேற மாதிரி சொல்றீங்க. எத நம்பறது மாமா? உயிரு சமாச்சாரம். நாளைக்கி உங்களுக்கு மறுபடியும் வேற தோணினா?"

சரியான கேள்வி. அவன் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். முதல் தடவையாக எனக்கு அவனைப் பிடித்தது.

"நம்பாதீங்க மாப்பிள்ள" என்றேன். "அவனையே கேளுங்க. ஆமான்னா கண்ண மூடுவான்ல?"

"அதக் கேக்க முடியாமத்தான பெரியப்பா உங்களக் கூப்பிட்டேன்" என்றாள் மகள். குரல் உயரவில்லை. "சாகறியாப்பான்னு எந்தப் பொண்ணு கேப்பா?"

"நீ பழியப் போட ஆள் தேடறேன்னு நெனச்சேன்."

"ஆமா" என்றாள். "அதுக்குத்தான் கூப்பிட்டேன். தனியா தூக்க முடியல. ஒரு பக்கம் பிடிக்க ஆள் வேணும். அப்பாவோட ஆளுங்கள்ல நீங்கதான் இருக்கீங்க, வேற யாரக் கூப்பிடுவேன்?"

நான் கட்டில் பக்கம் போனேன். அவன் இன்னும் சட்டத்தைப் பிடித்தபடியே இருந்தான். நான் டீக்கடையில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்கப் பிடித்திருக்கிறான். விரல்கள் வெளுத்திருந்தன. மருமகன் அந்தப் பக்கம் வந்து மண்டி போட்டு முகத்துக்கு நேரே உட்கார்ந்தான், நான் ஏதாவது ஏமாற்றினால் பிடித்துவிடுகிற மாதிரி.

"டேய்" என்றேன். "வைக்கணுமா?"

அவன் கண்ணை மூடினான். இறுக்கி மூடினான். திறந்தபோது இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. மருமகன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றான்.

"வண்டி வேணாம்னு சொல்லிடறேன்" என்றான் கடைசியில், ஜன்னலைப் பார்த்தபடியே.

மகள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் உடனே சொல்லவில்லை. மேல் ஆள் உடனே சொல்லக் கூடாது. முதலில் இடம் பார்க்க வேண்டும், தரை சமமாய் இருக்கிறதா, ஈரமா, யார் காலாவது குறுக்கே இருக்கிறதா என்று. பார்த்தேன். முதுகுக்கு முயல் பை இருந்தது. தலைமாட்டில் மகள் இருந்தாள். குறுக்கே இருந்தது என் கால் ஒன்றுதான். எடுத்துக்கொண்டேன்.

"எடம் இருக்குடா. வை."

விரல்கள் ஒவ்வொன்றாய்ச் சட்டத்தை விட்டன. மகள் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முட்டியில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். அந்தத் துணி இனி வேண்டாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அவன் அன்றைக்குச் சாகவில்லை. வை என்றவுடன் உயிர் போவதெல்லாம் பொய்க் கதையில் நடப்பது. சில நாள் இருந்தான். டாக்டர் சொன்னபடி மூக்குக் குழாயையும் எடுத்தாயிற்று. மருந்து கொடுத்தார்கள், உதட்டை ஈரத் துணியால் நனைத்தார்கள். நான் தினமும் போய் உட்கார்ந்தேன். பெரும்பாலும் தூங்கினான். முழித்தால் என்னைப் பார்ப்பான், கை அசையாது. ஒரு நாள் கூடத் தட்டவில்லை. மகள் பக்கத்தில் தைத்துக்கொண்டிருப்பாள். மெஷின் ஓடுகிறவரை அவன் முகம் நிம்மதியாய் இருக்கும். நின்றால் கண்ணைத் திறப்பான். அப்படி ஒரு மதியம் நூல் அறுந்து மெஷின் நின்றபோது அவன் கண் திறக்கவில்லையாம். நான் அப்போது என் அறையில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன்.

கீழே கொண்டுபோக வேண்டும். கட்டிலின் பலகையைக் கழற்றி அதில் கிடத்திக் கட்டினார்கள். வெங்காய மண்டி ஆட்கள் வந்தார்கள், நல்ல உடம்புக்காரர்கள்தான், ஆனால் மூட்டை தூக்குகிறவர்கள். மூட்டை தனி ஆள் வேலை. படியில் சேர்ந்து தூக்குவது வேறு. எடுத்தவுடனேயே ஆளுக்கொரு பக்கம் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பக்கம் சாய்க்காதே, நீ முன்னால் போ, சுவரில் இடிக்கும், இந்தா இந்தா. மழையில் படி வழுக்கியது.

நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "ஒரு வாய்தான்" என்றான் மருமகன். "மாமா சொல்வார். வேற யாரும் பேசாதீங்க."

சொல்லிவிட்டு அவன் கீழ்ப்பக்கம் போய்த் தோளைக் கொடுத்தான். அதுதான் பாரம் இறங்குகிற பக்கம். நான் மேல் படியில் நின்றேன். தூக்க இந்தக் கையில் பலம் கிடையாது, சத்தம் மட்டும் இருந்தது.

"தூக்கு. படி. படி. ஈரம், பார்த்து. படி."

இறங்கினார்கள். படியில் என் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. பின்னால் மகள் வந்தாள், அவள் அழுததுகூடக் கேட்கவில்லை. "திருப்பம்" என்றேன். தட்டுக்கு வந்தபோது பலகைக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. டொக் டொக்.

பலகைமேல் கிடந்தவனைத்தான் முதலில் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது. மருமகன் தட்டியது. முகம் பலகைக்குக் கீழே மறைந்திருந்தது, கழுத்து நரம்பு மட்டும் புடைத்துத் தெரிந்தது. ஓயாமல் பேசுகிறவன் வாயைத் திறக்கவில்லை.

இடம் பார்த்தேன். ஜன்னல், தட்டு, சமமான தரை.

"வை" என்றேன்.

வைத்தார்கள். முதுகை நிமிர்த்தினார்கள். மருமகன் தோளைத் தேய்த்துக்கொண்டான். தூண் அதே ஜன்னலுக்குக் கீழே படுத்திருந்தான். மண்டி ஆள் ஒருவன் பீடியை எடுத்தவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டான். குடிக்கச் சொன்னேன். குடித்தான்.

எல்லோரும் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள், அடுத்து என்ன என்று. கைப்பிடி மரத்தைப் பிடித்துக்கொண்டேன். நல்ல மரம், தட்டினால் கேட்கும். தட்டுவதற்குக் கை மடங்கியதுகூட. எனக்கு மேலே படி காலியாய்க் கிடந்தது. மேல் ஆளுக்கு முடியாவிட்டால் அவனுக்கு யார் சொல்வது என்று நாங்கள் நாலு பேரும் ஒரு நாளும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

கையை விரித்துக்கொண்டேன்.

"தூக்கு" என்றேன். "படி."